விழுந்த பல்லுக்கு அரை மணி நேரம்

குழந்தைகளுக்கான பல் மருத்துவத்தைப் பற்றியும், அதைப் படித்து அதில் ஆராய்ச்சி செய்வதைப் பற்றியும் ஒரு கட்டுரை வேண்டும் என்று இதழாசிரியர் கேட்டிருந்தார். முப்பது ஆண்டுகளாகப் பல் மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் சொல்லி வருகிறவள் நான். ஆனாலும் இந்தப் பாடத்தைப் புத்தகத்திலிருந்து தொடங்காமல், கோலார் தங்கவயலில் எங்கள் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

1976-ஆம் ஆண்டு. அப்பாவுக்கு சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை. நாங்கள் குடியிருந்தது லைன் வீட்டில். அண்ணனுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளி விட்டதும் பிள்ளைகள் எல்லோரும் சயனைடு மேட்டுக்கு ஓடிவிடுவார்கள். தகரத் துண்டின் மேல் உட்கார்ந்து மேலிருந்து கீழே சறுக்குவதுதான் விளையாட்டு. அன்று அண்ணன் சறுக்கி வந்த வேகத்தில் கீழே கிடந்த இரும்புக் குழாயில் வாய் மோதியது. மேல் வரிசை முன்பல் ஒன்று வேரோடு கழன்று வெளியே வந்துவிட்டது.

அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தார்கள். வீட்டில் ஆயா மட்டும்தான். ஆயா பதறவில்லை. மண்ணில் கிடந்த பல்லை எடுத்து, வேரில் ஒட்டியிருந்த சதையைச் சாம்பலும் தேங்காய் நாரும் வைத்துப் பளபளவென்று தேய்த்துக் கழுவினார்கள். நன்றாகத் துடைத்து ஒரு கைக்குட்டையில் முடிந்து வைத்தார்கள். ஷிப்ட் முடிந்து அப்பா மேலே வந்து, அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. அங்கிருந்த டாக்டர் நல்லவர். புண்ணுக்கு மருந்து போட்டார். பல்லைப் பார்த்துவிட்டு, "இனி இது உதவாதுங்க. பையன் பெரியவனானதும் கட்டுப்பல் வைத்துக்கொள்ளலாம்" என்றார்.

அண்ணனின் கல்யாணப் படத்தில்கூட உதடு மூடித்தான் இருக்கும்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துக் கல்லூரி நூலகத்தில் ஒரு பழைய கட்டுரையைப் படித்தபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. ஆயா தேய்த்து எடுத்த அந்தச் சதைதான் பல்லைப் பிழைக்க வைத்திருக்கும். அந்தக் கட்டுரை வெளிவந்த ஆண்டு 1966. அண்ணன் விழுவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே அது அச்சாகிவிட்டது. எங்கள் லைனுக்கு மட்டும் வந்து சேரவில்லை.

பல் எப்படிப் பிழைக்கிறது?

பல்லைச் சுவரில் அடித்த ஆணி மாதிரி நினைத்துக்கொள்கிறோம். அது அப்படி எலும்பில் நேராகப் பதிந்திருப்பதில்லை. வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவில் தாளைப் போன்ற ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. ஆயிரக்கணக்கான நார்கள் பல்லை எலும்போடு கட்டி ஊஞ்சல் போலத் தாங்குகின்றன. நாம் கல்லைக் கடித்தால் உடனே தெரிவது இந்தச் சவ்வினால்தான்.

அடிபட்டுப் பல் வெளியே வரும்போது இந்தச் சவ்வு நடுவில் கிழிகிறது. பாதி குழியிலும் பாதி வேரிலும் ஒட்டியிருக்கும். வேரில் ஒட்டிய பாதியில் இருக்கும் உயிரணுக்கள் உடனே சாவதில்லை. அவை உயிரோடு இருக்கும்போதே பல்லைத் திரும்பக் குழியில் வைத்துவிட்டால், கிழிந்த இரு பாதிகளும் சேர்ந்து ஆறிவிடும். காற்றில் உலர்ந்தால் அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலான அணுக்கள் செத்துவிடும்.

செத்த பிறகு வைத்தால் என்ன ஆகும்? பல் நிற்கத்தான் செய்யும். ஆனால் நடுவில் சவ்வு இல்லாததால் எலும்பு நேராக வேரோடு ஒட்டிக்கொள்ளும். நம் உடம்பு பழைய எலும்பை ஓயாமல் கரைத்துப் புதிய எலும்பைக் கட்டிக்கொண்டே இருக்கிறது. வேரையும் எலும்பு என்று எண்ணி அதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். வளரும் பிள்ளைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. தாடை வளரும், ஒட்டிப்போன பல் மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கும். பார்ப்பதற்கு அது உள்ளே புதைந்து போனது போல் தோன்றும்.

கோபன்ஹேகனில் ஒரு வாழ்நாள் உழைப்பு

இவ்வளவையும் நமக்குத் தெளிவாக்கியவர்களில் முதன்மையானவர் டென்மார்க் நாட்டு ஜென்ஸ் ஓவே ஆண்ட்ரியாசென். 1935-ல் பிறந்தவர், 2020-ல் மறைந்தார். அவர் குழந்தைப் பல் மருத்துவர் அல்லர், வாய் அறுவை மருத்துவர். கோபன்ஹேகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் பல ஆண்டுகள் பணியாற்றினார். ஆனால் பல் அடிபட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகள் என்பதால், உலகெங்கும் குழந்தைப் பல் மருத்துவர்கள் அவரைத் தங்கள் ஆசிரியராகவே கொண்டாடுகிறார்கள்.

அவரும் ஹியோர்ட்டிங்-ஹான்சனும் சேர்ந்து எழுதியதுதான் நான் சொன்ன 1966-ஆம் ஆண்டுக் கட்டுரை. விபத்தில் விழுந்து மீண்டும் வைக்கப்பட்ட 110 பற்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். ஒவ்வொரு பல்லும் எத்தனை நிமிடம் வெளியே கிடந்தது என்று கணக்கெடுத்து, பின்னாளில் எக்ஸ்ரே எடுத்து வேர் கரைந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். அரை மணிக்குள் வைத்த பற்களில் நூற்றுக்குத் தொண்ணூறு கரையாமல் இருந்தன. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து கரைந்திருந்தன.

இதில் புதிய மருந்து இல்லை, புதிய கருவி இல்லை. பொறுமையாகக் குறித்து வைத்த கணக்குத்தான். பல்லின் கதி ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது என்பதை அந்தக் கணக்கு காட்டியது. 1972-ல் அவர் எழுதிய பல் காயங்கள் பற்றிய நூல் இன்று வரை புதிய பதிப்புகளாக வந்துகொண்டிருக்கிறது. பிந்திய பதிப்புகளில் அவருடைய மனைவி ஃபிரான்சஸ் ஆண்ட்ரியாசெனும் சேர்ந்து உழைத்தார். 1995-ல் 400 பற்களின் வரலாற்றை நான்கு கட்டுரைகளாக வெளியிட்டார்கள். 110 என்ற எண்ணை 400 ஆக்க அவருக்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் தேவைப்பட்டன என்பதை இளைஞர்கள் கவனிக்க வேண்டும்.

தங்கவயல்காரர்களுக்கு இந்தப் பொறுமை புதிதல்ல. 1965-ல் நம் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில் டாடா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானிய, ஆங்கிலேய விஞ்ஞானிகளும் கருவிகளை வைத்துக் காத்திருந்து, வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோக்களைக் கண்டறிந்தார்கள். அபூர்வமாக வரும் ஒன்றுக்காக இருட்டில் காத்திருந்து கணக்கெழுதினார்கள். எந்தத் துறையானாலும் ஆராய்ச்சி என்பது பெரும்பாலும் அதுதான்.

பாலா, தண்ணீரா, இளநீரா?

பல்லை அந்த இடத்திலேயே வைக்க முடியாமல் போனால் அதை எதில் போட்டு எடுத்து வருவது? தண்ணீரில் போட்டால் அணுக்கள் நீரை உறிஞ்சி உப்பி வெடித்துவிடும். பாலின் உப்புத்தன்மை நம் உடம்பு அணுக்களின் உப்புத்தன்மையை ஒட்டியது. புளிப்பும் இல்லை. ஆகவே பாலில் அந்த அணுக்கள் சில மணி நேரம் தாங்கும். 1980-களின் தொடக்கத்தில் சுவீடன் நாட்டு பிளோம்லோஃப் இதை ஆராய்ந்து காட்டினார்.

நம்மவர்கள் உடனே கேட்பது, "இளநீரில் போடலாமா, டாக்டர்?" என்பதுதான். நல்ல கேள்வி. இதை முறையாக ஆராய்ந்தவர்கள் நம் சென்னைக்காரர்களே. மீனாட்சி அம்மாள் பல் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் கோபிகிருஷ்ணாவும் உடன் பணியாற்றியவர்களும் இளநீர், தேன்கூட்டுப் பிசின், ஆய்வுக்கூட உப்புக் கரைசல், பால் ஆகிய நான்கையும் ஒப்பிட்டு 2008-ல் வெளியிட்டார்கள். அதிக அணுக்களை உயிரோடு வைத்திருந்தது இளநீர்தான் என்பது அவர்கள் கண்ட முடிவு. அந்தக் கட்டுரையைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க மாட்டேன்.

ஆனால் 2009-ல் பிரேசில் நாட்டிலிருந்து வேறொரு முடிவு வந்தது. இயற்கையான இளநீருக்குப் புளிப்புத்தன்மை உண்டு, அதில் அணுக்கள் அதிகம் பிழைக்கவில்லை, பால்தான் சிறந்தது என்றார்கள். புளிப்பை நீக்கிய இளநீர் மட்டும் ஓரளவு நன்றாக இருந்தது. பல் காயங்களுக்கான பன்னாட்டுச் சங்கம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டியில் பால், ஆய்வுக்கூட உப்புக் கரைசல், எச்சில், சலைன் என்றுதான் இருக்கிறது. இளநீர் அதில் இல்லை.

இதைச் சொல்வது யாரையும் குறைத்துச் சொல்வதற்காக அல்ல. ஒருவர் கண்டதை இன்னொருவர் வேறு ஊரில் சோதித்துப் பார்ப்பதுதான் விஞ்ஞானத்தின் வழி. ஆகவே என் பதில்: பால் கிடைத்தால் பால். நம் ஊரில் எந்தச் சந்தில் நின்றாலும் நந்தினி பாக்கெட் கிடைக்கும்.

செய்ய வேண்டியவை

இந்தப் பகுதியை வெட்டி எடுத்து வீட்டில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் பிள்ளையைப் பாருங்கள். மயக்கம், வாந்தி, தலையில் பலத்த அடி இருந்தால் பல்லை மறந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

2. விழுந்தது பால் பல்லா, நிலைப்பல்லா என்று பாருங்கள். பால் பல்லைத் திரும்ப வைக்கவே கூடாது. அதன் வேருக்கு அருகிலேயே நிலைப்பல்லின் முளை இருக்கிறது, அது கெட்டுவிடும். ஆறு வயதுக்குக் கீழே விழுந்தது பெரும்பாலும் பால் பல். ஆறிலிருந்து எட்டு வயதுக்குள் முன்பற்கள் மாறுகின்றன. புதிதாக முளைத்த நிலைப்பல் அகலமாக இருக்கும், அதன் விளிம்பு ரம்பம் போல் இருக்கும்.

3. நிலைப்பல் என்றால் வெள்ளையாக வெளியே தெரியும் பகுதியை மட்டும் பிடித்து எடுங்கள். வேரைத் தொடாதீர்கள். தேய்க்காதீர்கள், சுரண்டாதீர்கள், துணியால் துடைக்காதீர்கள், சோப்பு போடாதீர்கள்.

4. மண் ஒட்டியிருந்தால் பாலிலோ சலைனிலோ மெதுவாக அலசுங்கள். வேறொன்றும் இல்லாவிட்டால் பிள்ளையின் எச்சிலே போதும்.

5. பல்லின் முன்பக்கம் வெளியே பார்க்கும்படி குழியில் மெதுவாக வையுங்கள். சுத்தமான கைக்குட்டையைக் கடித்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். இதைச் செய்ய டாக்டராக இருக்க வேண்டியதில்லை.

6. வைக்கத் துணிவு வரவில்லை என்றால் உடனே பாலில் போடுங்கள். காய்ச்சிய பால் என்றால் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பாக்கெட் பாலை அப்படியே ஊற்றலாம். தயிர், மோர் வேண்டாம். பால் இல்லை என்றால் பிள்ளையை ஒரு டம்ளரில் துப்பச் சொல்லி அந்த எச்சிலில் போடுங்கள். எதுவுமே கிடைக்காத இடத்தில், காற்றில் உலர விடுவதைவிடத் தண்ணீராவது மேல்.

7. உடனே பல் மருத்துவரிடம் போங்கள். டெட்டனஸ் ஊசி போட்ட விவரத்தையும் சொல்லுங்கள்.

மருத்துவர் மெல்லிய கம்பியால் பக்கத்துப் பற்களோடு சேர்த்து இரண்டு வாரம் கட்டுவார். முன்காலத்தில் அசையாமல் இறுக்கிக் கட்டினார்கள். சிறிது அசைவு இருந்தால்தான் சவ்வு நன்றாக ஆறுகிறது என்று ஆராய்ச்சி பிறகு காட்டியது. வேர் முழுதும் வளர்ந்த பல்லுக்கு இரண்டு வாரத்துக்குள் வேர்ச் சிகிச்சை தொடங்க வேண்டும். வேரின் நுனி இன்னும் மூடாத சிறு பிள்ளைகளுக்கு உள்ளே இரத்த ஓட்டம் தானாகவே திரும்பி வரும் வாய்ப்பு உண்டு, ஆகவே காத்திருந்து பார்ப்பார்கள். பல் நின்றுவிட்டது என்று மருத்துவரிடம் போவதை நிறுத்திவிடாதீர்கள். வேர் கரைவது வெளியே தெரியாது, எக்ஸ்ரேயில்தான் தெரியும்.

முன்பல் பாதி உடைந்து உள்ளே சிவப்பாகத் தெரிந்தாலும் அஞ்ச வேண்டாம். சுவீடனைச் சேர்ந்த மியோமிர் சிவெக் என்பவர் அப்படி உடைந்த 60 பற்களில், மேலே கெட்ட பகுதியை மட்டும் சிறிது நீக்கி மருந்திட்டு மூடினார். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பற்கள் பிழைத்ததாக 1978-ல் எழுதினார். இன்று எங்கள் மாணவர்கள் அவர் பெயராலேயே அந்தச் சிகிச்சையைக் கற்கிறார்கள். உடைந்த துண்டு கிடைத்தால் அதையும் பாலில் போட்டுக் கொண்டு வாருங்கள், திரும்ப ஒட்ட முடியும்.

இத்துறையில் படிக்க விரும்புகிறவர்களுக்கு

இது அபூர்வமான நோயா என்று சிலர் கேட்பார்கள். உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் பெட்டி, கிளெண்டோர், ஆண்டர்சன் ஆகிய மூவர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். இன்று உயிரோடு இருப்பவர்களில் நூறு கோடிக்கு மேற்பட்டவர்கள் ஒரு முறையாவது பல்லில் அடிபட்டவர்கள் என்பது அவர்கள் கணக்கு. அடிபடுவது பெரும்பாலும் மேல் முன்பற்கள்தான். பல் எடுப்பாக இருந்து உதடு மூடாத பிள்ளைகளுக்கு ஆபத்து கூடுதல். நம் பக்கத்தில் தாவணகெரே, திருவனந்தபுரம் போன்ற ஊர்களில் 12 வயதுப் பள்ளிப் பிள்ளைகளிடம் கணக்கெடுத்திருக்கிறார்கள். இன்னும் எடுக்க வேண்டிய ஊர்கள் நிறைய.

இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை டாக்டர் ரஃபியுத்தீன் அகமது 1920-ல் கல்கத்தாவில் தொடங்கினார். சென்னை அரசுக் கல்லூரி 1953-லும், பெங்களூர் அரசுக் கல்லூரி 1958-லும் வந்தன. குழந்தைப் பல் மருத்துவர்களுக்கான இந்தியச் சங்கம் 1979-ல் உண்டாயிற்று. இன்று பிளஸ் டூவுக்குப் பின் நீட் தேர்வு எழுதி, பயிற்சியையும் சேர்த்து ஐந்து ஆண்டு பி.டி.எஸ். படிக்க வேண்டும். அதன் பிறகு மூன்று ஆண்டு எம்.டி.எஸ். படிப்பில் குழந்தைப் பல் மருத்துவத்தைத் தனிப் பாடமாக எடுக்கலாம். அதில் ஒரு ஆய்வேடும் எழுத வேண்டும். ஆசிரியராக வர விரும்புகிறவர்களுக்கு அதுவே முதல் படி.

மாணவர்களிடம் நான் வழக்கமாகச் சொல்வது இதுதான். இந்தத் துறையில் கை நேர்த்தி பாதி, அழும் பிள்ளையிடம் பேசத் தெரிவது பாதி. ஆராய்ச்சியில் இறங்கினாலோ மூன்றாவதாக ஒன்று வேண்டும். இன்று வைத்த பல்லை ஐந்து ஆண்டு கழித்தும் தேடிப் போய்ப் பார்க்கும் பொறுமை. ஊர் மாறிப் போன பிள்ளையின் வீட்டைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் ஆராய்ச்சியில் மிகக் கடினமான பகுதி.

இன்று தங்கவயலில்

2001-ல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அன்று முதல் நம் மக்களின் பிழைப்பு ரயிலில் இருக்கிறது. விடியுமுன்பே மாரிக்குப்பத்திலும் சாம்பியனிலும் உரிகத்திலும் ஏறி ஆயிரக்கணக்கானவர்கள் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள், இருட்டிய பிறகு வீடு திரும்புகிறார்கள். பிள்ளைகள் ஆயாவிடம், தாத்தாவிடம், பள்ளியில் டீச்சரிடம். பிள்ளை விழும் நேரத்தில் அம்மாவும் அப்பாவும் நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார்கள். செல்போனில் செய்தி போய், அவர்கள் ரயில் பிடித்து வந்து சேர்வதற்குள் அந்த அரை மணி நேரம் எத்தனையோ முறை கடந்துவிடும். அருகில் இருக்கிறவர் யாரோ அவர்தான் பல்லைக் காப்பாற்ற வேண்டும்.

அப்படிக் காப்பாற்றியதையும் பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ராபர்ட்சன்பேட்டையிலிருந்து ஒரு பையனை என்னிடம் அனுப்பியிருந்தார்கள். சைக்கிளிலிருந்து விழுந்தவன். அவன் பாட்டி பல்லை எவர்சில்வர் டம்ளரில் பால் ஊற்றிப் போட்டு, ஆட்டோ பிடித்து அங்கேயே ஒரு பல் மருத்துவரிடம் கொண்டு போய்விட்டார்கள். பள்ளியில் டீச்சர் ஒரு நாள் சொன்னதைப் பேரன் வீட்டில் வந்து சொன்னானாம். அதை ஞாபகம் வைத்திருந்தார்கள். அந்தப் பல் இன்றும் நிற்கிறது.

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். மேலே எழுதிய ஏழு வரிகளைத் தமிழிலும் கன்னடத்திலும் ஒரு தாளில் அச்சிட்டு, பள்ளிக்கூடச் சுவரிலும் விளையாட்டு மைதானத்திலும் ரேஷன் கடையிலும் ஒட்டுவோம். பெரிய செலவில்லை. வாசகர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இதை வாய்விட்டுப் படித்துக் காட்டினால் இன்னும் நல்லது.

இந்த விஷயத்தையெல்லாம் முதன்முதலாக அண்ணனிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அன்னைக்கு வீட்ல பால் இருந்துச்சேம்மா" என்றார். அவ்வளவுதான். ஆயாவின் மேல் அவருக்கு வருத்தமில்லை, எனக்கும் இல்லை. ஆயா தன்னால் ஆன மட்டும் அன்பாகத்தான் செய்தார்கள். அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. இன்று நமக்குத் தெரியும். தெரிந்த பிறகும் சொல்லாமல் இருந்தால், அந்தக் குறை நம்முடையது.